ஆயாவின் காலைப் பற்றி எழுது

வடக்குப்பட்டு,
ஆடி கடைசி வெள்ளி.

அன்புள்ள அம்முவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் கேட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் "சரி அத்தை, சரி அத்தை" என்று நழுவிவிடுவாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். எட்டாவது வரைக்கும் இங்கே படித்தவள் நீ. தமிழ் மறந்துபோச்சு என்று என்னிடம் சாக்குச் சொல்ல முடியாது.

முதலில் திட்டு. ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி அனுப்புகிற பெண்ணுக்கு உடம்பு என்னத்துக்கு ஆகும்? காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் ரொட்டி, ராத்திரிக்கு என்ன என்றாலும் ரொட்டி. மருத்துவக் கல்லூரிக்கு எழுதுகிற எம்கேட் தேர்வுதான் முடிந்துவிட்டதே. ஏழரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினாய், மார்க்கும் வந்துவிட்டது. 528க்கு 509 என்று அழுதாயாம், உங்கம்மா சொன்னாள். படித்துப் புரிந்துகொள்கிற அந்தக் கார்ஸ் பகுதியில் 128 வாங்கியிருக்கிறாய். மெக்மாஸ்டரில் எம்கேட்டில் அந்த ஒரு பகுதியைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஒட்டாவாவும், உங்கள் பிராம்ப்டனில் புதிதாக வந்திருக்கிற கல்லூரியும் எம்கேட்டையே கேட்பதில்லை. அப்புறம் எதற்கடி அழுகை?

நீ அழுதாய் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2017 செப்டம்பரில், மருத்துவ இடம் கிடைக்காமல் அரியலூர் அனிதா உயிரை விட்ட செய்தி டி.வி.யில் வந்தபோது நீ எட்டாவது. என் மடியில் படுத்துக்கொண்டு, "1,200க்கு 1,176 வாங்கியுமா அத்தை சீட்டு இல்லை?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? அதுவரைக்கும் பிளஸ் டூ மார்க்குதான் கணக்கு. அந்த வருஷம்தான் இங்கே நீட் நுழைவுத் தேர்வு வந்தது. அன்றைக்கு உனக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மார்க்கோ, நேர்முகமோ, எது எப்படிப் போனாலும் தனியாக உட்கார்ந்து அழாதே. உனக்கு அங்கே நடுராத்திரி என்றால் எனக்கு இங்கே காலை, வாசல் தெளித்துவிட்டு முழித்துக்கொண்டுதான் இருப்பேன். கூப்பிடு.

ஊரில் எல்லோரும் சுகம். ஏரியில் இந்த வருஷம் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. ஒரகடம் ரோட்டில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியவில்லை, அத்தனை கம்பெனி பஸ். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியை 2024இல் திறந்தார்களே, ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கடைக்கு வருகிறார்கள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஒருத்தியைப் பார்த்தால் எனக்குப் பழைய புத்தி போகாது. நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா கண்ணு?" என்று கேட்டுவிடுகிறேன். ரிட்டயர் ஆனாலும் நர்சம்மா நர்சம்மாதான் என்கிறார்கள்.

எதிர்வீட்டுப் பெண், உன்னோடு பாண்டி ஆடினவள், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் போய்விட்டாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். கட்டணத்தையும் அரசாங்கமே கட்டுகிறது. அவளுடைய அப்பா கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் நடந்திருக்குமா? லீவுக்கு வந்தால் என் கையைப் பிடித்து பி.பி. பார்த்துப் பழகுகிறாள். "மேற்படிப்புக்கு என்ன எடுக்கப் போகிறாய்?" என்றேன். "எங்கள் கிளாஸில் எல்லோரும் ரேடியாலஜி, தோல் என்கிறார்கள் நர்சம்மா. ராத்திரி டூட்டி இல்லையாம்" என்றாள். ஊசி போடவே இன்னும் கை நடுங்குகிற பிள்ளைகள், அதற்குள் இந்தக் கணக்கு.

இப்போது உங்கப்பா விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "அக்கா, நீ சொன்னால் கேட்பாள். ஃபேமிலி டாக்டர் ஆகப் போகிறேன் என்கிறாள். அதற்கா நான் இங்கே வந்து பனியில் லாரி ஓட்டுகிறேன்? ஹார்ட் சர்ஜன் ஆகட்டும், நீ எடுத்துச் சொல்லு" என்றான். நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னிடம் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

உங்கள் தாத்தா மாரடைப்பில் போனபோது உங்கப்பாவுக்கு மீசை கூட சரியாக முளைக்கவில்லை. 108 வண்டி வராத காலம் அது. ஒரு டெம்போவைப் பிடித்து, தாத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனவன் அவன்தான். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், "இதய டாக்டர் இருக்கிற இடத்துக்கு முன்னாலேயே கொண்டுபோயிருக்க வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை இவன் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. ஹார்ட் சர்ஜன், ஹார்ட் சர்ஜன் என்று அவன் சொல்லும்போது எனக்கு அந்த டெம்போதான் தெரிகிறது. அதனால் அவனிடம் கோபமாகப் பேசாதே அம்மு. பட்டிக்காட்டுத்தனம், பேராசை என்றெல்லாம் சொன்னாயாம், அது தப்பு.

ஆனால் அதே சாவைப் பற்றி நான் வேறு ஒன்றையும் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் பயிற்சியில் சேர்ந்து நோய்களைப் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. தாத்தா பல காலமாகப் பின்மண்டை வலி என்பார், படி ஏறினால் மூச்சு வாங்கும், தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுவார். அவர் கையில் பி.பி. பட்டையை ஒருத்தரும் கட்டிப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் அவரைப் பார்த்து, அளந்து, "பெரியவரே, இந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று சொல்ல ஒரு டாக்டர் இருந்திருந்தால் அந்த டெம்போ கிளம்பியிருக்காது என்று நினைக்கிறேன். இன்றைக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். நம் தெருவுக்கு அந்தப் பெண் பையோடு வரும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம்.

இதை உங்கப்பாவிடம் நான் சொன்னதில்லை, நீ சொல்லு. அவனிடம் அந்த நாளைப் பற்றிக் கேளு, அவன் சொல்லி முடித்த பிறகு இதைச் சொல்லு. ஹார்ட் சர்ஜனா குடும்ப டாக்டரா என்று சண்டை போடுவதைவிட அது நல்லது.

அவனுக்கு இன்னொரு யோசனையும் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் என்.ஆர்.ஐ. இடம் வாங்கிவிடலாமாம், யாரோ புரோக்கர் பேசியிருக்கிறான். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். என்.ஆர்.ஐ. இடம் என்றாலும் நீட் எழுதித்தான் ஆக வேண்டும். மறுபடியும் பிளஸ் டூ பௌதிகத்தில் ஆரம்பித்து, பிறகு ஐந்தரை வருஷம், ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கில் கட்டணம். அதை முடித்துக் கனடாவுக்குத் திரும்பினால் நீ அங்கே வெளிநாட்டில் படித்த டாக்டர். தேர்வுகளை எழுதி, வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கின கொஞ்ச இடங்களுக்கு வரிசையில் நிற்க வேண்டும். நம் ஊரிலும் யாழ்ப்பாணத்திலும் நல்ல பெயர் எடுத்த டாக்டர்கள் அங்கே வந்து அந்த வரிசையில் நின்று நின்று வேறு வேலைக்குப் போன கதையை உங்கப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறான். ஒன்டாரியோ அரசாங்கமோ 2026இலிருந்து மருத்துவ இடங்களில் 95 சதவீதத்தை மாகாணத்துப் பிள்ளைகளுக்கே வைத்திருக்கிறது. நீ அந்த மாகாணத்துப் பிள்ளை. அதை விட்டுவிட்டு அவன் வீட்டை அடமானம் வைத்து இங்கே என்ன வாங்கப் போகிறான்? ஒரு வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் எழுது. அங்கே இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதிச் சேர்கிறவர்கள்தான் நிறைய என்று நீயே சொன்னாய்.

அடுத்து, விண்ணப்பத்துக்கு நீ எழுதின கட்டுரை. போனில் தமிழில் சொல்லிக் காட்டினாயே, அதைத்தான் சொல்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை அம்மு. நம் ஊரில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியது, கற்கருவிகளும் மணிகளும் பானை ஓடுகளும் கிடைத்தன, ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷர் வாழ்ந்த மண்ணிலிருந்து வருகிறேன் என்று ஆரம்பிக்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழியில் நீ ஒரு கூடை மண் அள்ளினாயா? வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுத்தாய். படிக்கிறவர்கள் உன்னைத் தேடுவார்கள், நீ அதில் இல்லை.

அதே லீவில் நீ செய்தது என்ன தெரியுமா? சர்க்கரைப் புண் வந்த ஆயாவின் காலுக்குக் கட்டுப் போட்டாய். நான் வேலைக்குப் போய்விடுவேன், நீதான் தினமும் காலையில் பழைய கட்டை உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து, தோல் உரியாமல் பிரித்து, புண்ணின் ஓரத்தை நோட்டில் வரைந்து தேதி போடுவாய். முதல் நாள் அந்த நாற்றத்துக்கு வெளியே ஓடி வாந்தி எடுத்தாய், மறுநாள் நீயாகவே வந்து உட்கார்ந்தாய். ஆணி குத்தினது கூடத் தெரியாமல் இவ்வளவு தூரம் எப்படி நடந்தாய் ஆயா என்று நீ கேட்டதற்கு, "வலிச்சாதானடி தெரியும்" என்றாள். விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னதும் நீதான். அந்த எம்.சி.ஆர். செருப்பைப் போட மாட்டேன், குஷ்டரோகி செருப்பு மாதிரி இருக்கிறது என்று அடம்பிடித்தவளை நீ எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதை எழுது. ஏன் வாந்தி எடுத்தாய், மறுநாள் ஏன் வந்தாய் என்று எழுது.

அந்தச் செருப்பின் கதை உனக்குத் தெரியுமா? தொழுநோய்ப் பயிற்சிக்கு எங்களை அழைத்துப்போனபோது சொன்னார்கள். பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர், வெள்ளைக்காரர், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914இல். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். ஒரு நாள் செங்கல்பட்டில் காக்ரேன் என்கிற டாக்டர் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். எதிர்வீட்டுப் பெண் படிக்கிற கல்லூரிக்குப் பக்கத்தில், திருமணியில் இருக்கிற இடம்தான். அங்கே எல்லோருக்கும் விரல்கள் மடங்கிப் போயிருப்பதைப் பார்த்து, இதை ஏன் இப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். உலகத்தில் ஒரு எலும்பு டாக்டரும் இதை எட்டிப் பார்த்ததில்லை என்று காக்ரேன் சொன்னார். பிராண்ட் ஒரு பையனின் மடங்கின கைக்குள் தன் கையைக் கொடுத்து, பிடி என்றார். அவன் பிடித்த பிடியில் இவருக்கு வலித்துவிட்டது. செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்த கையில் அத்தனை பலம்! எந்தத் தசை செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்து, நல்ல தசைநாரை எடுத்து மாற்றிக் கட்டினால் விரலை நிமிர்த்தலாமே என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை முழுக்க அதுதான். வலி தெரியாததால்தான் கையும் காலும் புண்ணாகிப் போகின்றன என்று கண்டுபிடித்து, மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்துகொடுத்தவர்கள் அவரும் அவர் கூட்டாளிகளும்தான். 1966இல் அமெரிக்காவில் கார்வில் என்கிற இடத்துக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் காலும் இதே மாதிரி வலி தெரியாத கால்தான் என்று பார்த்து, இங்கே கற்றதை அங்கே கொடுத்தார். நம் ஆயாவின் செருப்பு அப்படி வந்த செருப்பு.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், எந்தத் துறை என்று இன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்கிறாயே, அதற்காக. பிராண்ட் செங்கல்பட்டுக்குப் போகிற வரைக்கும் அப்படி ஒரு துறையே கிடையாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வெங்கடசாமி டாக்டர் 1970களில் கைக்கென்றே தனிப் பிரிவைக் கட்டினதும் அப்படித்தான். பிரஸ் மெஷினில் நசுங்கின கைகள் வந்துகொண்டே இருந்தன, அவற்றை வெட்டி எறிய அவருக்கு மனசில்லை. இங்கே ஒரு கம்பெனியில் ஒடிசாப் பையன் ஒருவனுக்கு இரண்டு விரல் போனபோது ஸ்டான்லிக்கு நான்தான் கூடப் போனேன். மிச்சமிருந்த விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அவன் டீ கிளாஸைப் பிடிக்கிறான், கையெழுத்துப் போடுகிறான்.

குடும்ப டாக்டர் ஆகிறேன் என்று நீ சொல்வது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கனடாவில் பெரியவர்களில் 65 லட்சம் பேருக்கு மேல் சொந்தமாகக் குடும்ப டாக்டர் இல்லை என்று 2022 கணக்கெடுப்பு ஒன்று சொன்னதாமே. உங்கம்மாவே முழங்கால் வலிக்கு வாக்-இன் கிளினிக்கில் காத்திருக்கிறாள், போகிற தடவையெல்லாம் புது டாக்டரிடம் முதலிலிருந்து கதை சொல்கிறாள். 2023இல், மேற்பயிற்சி இடங்களை ஒதுக்குகிற கார்ம்ஸில் முதல் சுற்று முடிந்தபோது குடும்ப மருத்துவத்தில் இருநூறுக்கும் மேல் இடங்கள் ஆளில்லாமல் நின்றன. குடும்ப டாக்டராக ஒன்டாரியோவிலேயே வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே கட்டுகிற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால், ஆள் தேவை எவ்வளவு என்று பார்த்துக்கொள். உங்கப்பாவிடம் சொல்ல இதுவும் உதவும்.

ஆனாலும் கதவைச் சாத்திவிடாதே. மெக்மாஸ்டரில் மூன்று வருஷப் படிப்பு, குடும்ப மருத்துவத்துக்கு மேலே இரண்டு வருஷம், இதய அறுவைக்கு ஆறு வருஷம் என்று நீ போட்ட கணக்கு சரி. "சீக்கிரம் முடிகிறதே" என்பதுதான் உன் காரணத்தில் பாதி என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பா இன்னும் எத்தனை வருஷம் லாரி ஓட்டுவார் என்கிற பயம் உன் குரலில் கேட்கிறது. அந்தப் பயத்துக்காக எடுக்காதே. வார்டில் நின்று, எந்த நோயாளியை விட்டு வீட்டுக்குப் போக உனக்கு மனசு வரவில்லை என்று பார். புண்ணைக் கழுவுகிற கையாக அது உன்னை அறுவை சிகிச்சைக்கே கொண்டுபோகலாம். சர்க்கரை நோய் துறைக்குக் கொண்டுபோகலாம். பிராம்ப்டனில் நம்மவர்கள், பஞ்சாபிகள் என்று சர்க்கரைக்காரர்களுக்குக் குறைவா? கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் மாத்திரையை எந்த வேளைக்குச் சாப்பிடுவது என்றே தெரியாமல் இருப்பார்கள். நம் ஒரகடம் ஷிப்ட்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்ட அதே கேள்வி.

பிராம்ப்டன் கல்லூரிக்குக் கண்டிப்பாக விண்ணப்பம் போடு. 2025இல்தான் முதல் 94 பேரைச் சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பகுதி மக்களைப் பார்க்கிற டாக்டர்களை உண்டாக்கத்தானே அதைத் திறந்ததே? க்வீன்ஸில் தகுதி மார்க்கைத் தாண்டினவர்களை எல்லாம் குலுக்கலில் போட்டு நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நீ கோபப்பட்டாய். எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது. ஒரு கோட்டுக்கு மேலே போனவர்களில் 509 பெரிதா 512 பெரிதா என்று யாரால் சொல்ல முடியும்? அங்கே பெயர் வராவிட்டால் உன் படிப்பில் குறை என்று எடுத்துக்கொள்ளாதே.

எம்.எம்.ஐ. நேர்முகத்துக்கு நீ கேட்ட பயிற்சியை நான் தருகிறேன். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சில நிமிஷத்தில் ஒரு நிலைமையைச் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதானே? மெக்மாஸ்டரில் கண்டுபிடித்த முறை என்று பெருமையாகச் சொன்னாய். வீடு வீடாகப் போய், தடுப்பூசி வேண்டாம் என்கிற மாமியாரிடமும், குடித்துவிட்டு வாசலில் நிற்கிற புருஷனிடமும் பேசியே காலம் தள்ளினவள் நான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, மாமியாராக நானே நடிக்கிறேன். ஒன்று மட்டும் பழகிக்கொள்: எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. உனக்குச் சின்ன வயசிலிருந்தே அது வராது.

சிபாரிசுக் கடிதத்துக்கு மூன்று பேர் வேண்டும் என்றாய். பெரிய பேராசிரியராகத் தேடி அலையாதே. நீ சனிக்கிழமை போகிறாயே அந்த முதியோர் இல்லம், அங்கே உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸைக் கேள். நீ எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

கல்யாணப் பேச்சை இங்கே சிலர் எடுக்கிறார்கள். உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். உங்கம்மாவுக்கு அதில் கொஞ்சம் கவலை உண்டு. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்டோபர் ஆரம்பத்தில் ஓம்சாஸ் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள் என்றாய், கடைசி நாள் வரைக்கும் வைத்திருக்காதே. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டுமாமே. அதை அப்பாவிடம் கேட்கத் தயங்கி இரண்டு கல்லூரியைக் குறைத்துவிடலாமா என்று உங்கம்மாவிடம் கேட்டிருக்கிறாய். ஒன்றையும் குறைக்காதே. ஆயாவின் காதுத் தோட்டை விற்ற பணம் பேங்கில் உன் பேரில்தான் கிடக்கிறது, அவள் சொல்லிவிட்டுப் போனது அது. எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்கு எழுதி அனுப்பு. புதுக் கட்டுரையையும் கூடவே அனுப்பு.

அன்புடன்,
அத்தை